அனுமதியின் வயது: தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளும் அவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளும்

பிள்ளைகள் வளர வளர வீடு சிலவற்றை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்வருவது, சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போவது, தீபாவளித் துணியைத் தானே தேர்ந்தெடுப்பது, கைப்பேசியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது, இருட்டிய பிறகும் நண்பர் வீட்டில் இருந்துவிட்டு வருவது, கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பது எனப் பலவற்றைச் சொல்லலாம். இவற்றில் எது எந்த வயதில் கிடைக்கும் என்று எந்த வீட்டிலும் எழுதிவைப்பதில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் அதற்கொரு வரிசை உண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் அது தெளிவாகத் தெரியும்.

இந்த வரிசையை வயது தீர்மானிக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. வயதோடு பொறுப்பு வரும், பொறுப்பாக நடந்துகொள்கிற பிள்ளைக்குச் சலுகை தானாக வரும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். குழந்தை வளர்ப்பு நூல்கள் சொல்வதும் அதுவே. இக்கட்டுரை அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கிறது. தமிழ்க் குடும்பங்களில் வயது ஏற ஏறப் பெண்பிள்ளைக்குப் பொறுப்பு கூடுகிறது, ஆண்பிள்ளைக்குச் சுதந்திரம் கூடுகிறது என்பது என் வாதம். பெண்பிள்ளைகளுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் கிடைத்த புதிய சலுகைகளில் பெரும்பகுதி வீட்டார் மனமுவந்து கொடுத்தவை அல்ல. பள்ளி, அரசுத் திட்டம், வேலை என வெளியிலிருந்து வந்த தேவைகள் அவற்றை வாங்கிக் கொடுத்தன.

1. முன்வைக்கப்பட்டுள்ள விளக்கங்கள்

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960இல் வெளியிட்ட நூலில், குழந்தைப் பருவம் என்ற தனிக் கருத்து இடைக்கால ஐரோப்பாவில் இருக்கவில்லை என்றும், பள்ளியும் நடுத்தர வர்க்கக் குடும்பமும் பின்னாளில் அதை உருவாக்கின என்றும் எழுதினார். லிண்டா பொல்லாக் 1983இல் நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் ஆராய்ந்து இதை மறுத்தார். பெற்றோர் பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே பார்த்தார்கள், பரிவு எல்லாக் காலத்திலும் இருந்தது என்றார். இந்த விவாதத்தில் பொல்லாக்கின் சான்றுகளே வலுவானவை. ஆயினும் ஆரியேயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பருவத்துக்கும் பருவத்துக்கும் இடையிலான கோட்டைப் பள்ளி வரைகிறது என்பதே அது. ‘ப்ளஸ் ஒன் போனதும் பாத்துக்கலாம்’, ‘காலேஜ் சேந்ததும் வாங்கித் தர்றேன்’ என்று நம் வீடுகளில் அப்பாக்கள் சொல்லும்போது வயதைச் சொல்வதில்லை, வகுப்பையே சொல்கிறார்கள்.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவருடைய சகாக்களும் 1990இல் செய்த ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தனியாகச் சாலையைக் கடப்பது, பள்ளியிலிருந்து திரும்புவது, பேருந்தில் போவது, சைக்கிளில் சாலையில் செல்வது, இருட்டிய பின் வெளியே போவது என்று ஒவ்வொன்றையும் பெற்றோர் வழங்கும் உரிமமாகவே அவர்கள் கணக்கிட்டார்கள். 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் தனியாகப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் 9 சதவீதம் பேர்தான் போனார்கள். இருபது ஆண்டுகளுக்குள் பிள்ளைகளின் திறமை குறைந்துவிடவில்லை. சாலையில் வாகனங்கள் பெருகின, பெற்றோரின் அச்சமும் பெருகியது. சலுகையின் வயது பிள்ளையின் முதிர்ச்சியைப் பொறுத்ததல்ல, சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைப்பது அரிது. ஆண்பிள்ளைகளுக்கு இந்த உரிமங்கள் சீக்கிரமாகவும் கூடுதலாகவும் கிடைத்தன என்பதும் அந்த ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது.

இந்தியாவைப் பற்றி எழுதியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஐந்து வயதையொட்டி ஆண்பிள்ளை அம்மாவின் உலகத்திலிருந்து ஆண்களின் உலகத்துக்கு மாற்றப்படுவதை உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் 1978இல் இரண்டாம் பிறப்பு என விவரித்தார். மகனை மையமாக வைத்து எழுதப்பட்ட சித்திரம் அது. மகள்களுக்கு என்ன நேர்கிறது என்பதை மானுடவியலாளர் லீலா துபே 1988இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை காட்டியது. பூப்புக்குப் பிறகு உடை, நடை, உட்காரும் விதம், போகும் இடம் என ஒவ்வொன்றிலும் பெண்பிள்ளையின் எல்லை எப்படிக் குறுக்கப்படுகிறது என்பதை அவர் அடுக்கடுக்காக எழுதினார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், ஒரே வீட்டில் வளர்ச்சி இரண்டு எதிர்த்திசைகளில் நடப்பது தெரியும்.

இந்தப் பேச்செல்லாம் மேற்கத்தியத் தனிமனிதவாதம், நம் குடும்பங்கள் பாசத்தால் கட்டப்பட்டவை என்ற மறுப்பு எழக்கூடும். துருக்கிய உளவியலாளர் சிடெம் காயிட்சிபாஷி இதற்குத் தம் வாழ்நாள் ஆய்வின் வழியாகப் பதில் சொன்னார். உறவின் நெருக்கமும் தன்முடிவும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல, நெருக்கத்தைக் குறைக்காமலே பிள்ளைக்குத் தன்முடிவைக் கொடுக்க முடியும் என்பது அவர் முடிவு. நான் அதை ஏற்கிறேன். நம் மகன்கள் தோளுக்கு மேல் வளர்ந்து, இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, அம்மா கையால் தோசை வாங்கிச் சாப்பிடும்போது சுதந்திரமும் பாசமும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. மகளுக்கு மட்டும் அவை ஏன் மோதவேண்டும்?

2. இலக்கியம் தரும் சாட்சியம்

வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துப் பார்க்கும் மரபு தமிழில் பழையது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரையிலான முதல் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் நீராடல், அம்மானை, ஊசல். சிற்றில் பருவத்தில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வரும் சிறுவனிடம், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அடுத்து அவன் பறை கொட்டுகிறான், தேர் உருட்டுகிறான். அவனுடைய விளையாட்டுக்குத் தெரு தேவைப்படுகிறது. அவளுடைய அம்மானைக்கும் ஊசலுக்கும் முற்றம் போதும்.

இதை மிகைப்படுத்தக் கூடாது. நீராடல் ஆற்றில் நடப்பது. குமரகுருபரரின் மீனாட்சி வையையில் ஆடுகிறாள். பிள்ளைத்தமிழ் தெய்வங்களையும் அரசர்களையும் ஆசிரியர்களையும் பாடுவது, அண்டைவீட்டுப் பிள்ளைகளின் பதிவேடு அல்ல. இருந்தாலும் ஒரு சமூகம் தன் இலட்சியக் குழந்தையைக் கற்பனை செய்யும்போதே ஏழாம் பருவத்துக்கு மேல் இரண்டு பாதைகளைப் போட்டுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சங்க அகப்பாடல்களின் இற்செறிப்பு இன்னும் நேரடியான சான்று. தினைப்புனம் காக்கும் பெண்ணுக்குப் பகல் முழுவதும் வெளி இருக்கிறது. பரண் இருக்கிறது, தோழியர் இருக்கிறார்கள், அருவி இருக்கிறது. கதிர் கொய்ததும் அவள் வீடு திரும்பவேண்டும். அவளுடைய மேனி மாற்றத்தைத் தாய் கவனித்தாலோ ஊர் அலர் தூற்றினாலோ அவள் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். அவள் புனத்தில் நின்றது வயதால் பெற்ற உரிமையால் அல்ல; காவல் வேலை அவளை அங்கே நிறுத்தியது, வேலை முடிந்ததும் வெளியும் முடிந்தது. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்களில் பதின்வயதுப் பெண்பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பள்ளி நாட்களில் பேருந்தேறிப் பத்துக் கிலோமீட்டர் போய்வந்தவர்கள் விடுமுறையில் அடுத்த தெருவுக்குப் போகவும் காரணம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கோ விடுமுறைதான் ஊர்சுற்றும் காலம். புனத்தின் இடத்தில் பள்ளி வந்திருக்கிறது, விதி அப்படியே இருக்கிறது.

3. துணைக்குத் தம்பி

வயதுதான் அளவுகோல் என்ற கூற்று முற்றிலும் உடைந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அது மிகச் சாதாரணமான இடம் என்பதால் ஆய்வாளர்களின் கண்ணில் அதிகம் படவில்லை.

மாலை ஆறரை மணி. பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காவுக்குச் செய்முறைத் தேர்வுத் தாள்களை ஜெராக்ஸ் எடுக்கவேண்டும். கடை மூன்று தெரு தள்ளி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ‘தனியாப் போவாத, தம்பியக் கூட்டிக்கிட்டுப் போ’ என்று அடுப்படியிலிருந்து அம்மா சொல்கிறாள். தம்பி நாலாம் வகுப்பு. கிரிக்கெட் ஆட்டத்தை விட்டு முணுமுணுத்துக்கொண்டே வருகிறான். மெயின் ரோட்டைக் கடக்கும்போது அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். லாரி போகும்வரை நிறுத்தி வைக்கிறாள். கடையில் காசைக் கணக்குப் பார்த்து வாங்குபவளும் அவள்தான். திரும்பி வந்ததும் தம்பி மட்டையை எடுத்துக்கொண்டு மீண்டும் தெருவுக்குப் போகிறான். அவள் சாம்பாரைச் சூடாக்குகிறாள், அவன் வந்ததும் தட்டு வைக்கவேண்டும். அன்று மாலை அந்த வீட்டில் காத்தது யார், காக்கப்பட்டது யார் என்று கேட்டால், சொல்லுக்கும் செயலுக்கும் பொருந்தாத விடைதான் கிடைக்கும்.

முதிர்ச்சியே அளவுகோலாக இருந்தால் ஒன்பது வயதுச் சிறுவன் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் துணையாக முடியாது. ஆபத்தைத் தடுக்கும் வலிமையும் அவனுக்கு இல்லை, அது அம்மாவுக்கும் தெரியும். தம்பியின் வேலை வேறு. அக்கா தனியாக இல்லை என்பதை ஊர் பார்க்கவேண்டும், அவள் யாரோடு பேசினாள் என்பது வீட்டுக்கு வந்து சேரவேண்டும். ஆகவே இங்கே அனுமதி பிள்ளையின் திறமைக்குக் கொடுக்கப்படுவதில்லை, குடும்பத்தின் மானத்துக்கு நேரக்கூடிய இடரைக் கணக்கிட்டே கொடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கின் அடியில் இருப்பது சாதி. மகள் யாரை விரும்பிவிடுவாளோ என்ற அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலை நாட்டுக்கே காட்டியது. அனுமதி பற்றிய பேச்சைச் சாதியைத் தொடாமல் முடிக்கும் குழந்தை வளர்ப்பு நூல்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

பொறுப்புக்கு ஈடாகச் சலுகை என்ற வாதமும் இங்கேதான் தோற்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்தது. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டார்கள். எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி இது. இந்த இடைவெளி திருமணத்தன்று திடீரென்று முளைப்பதல்ல. பன்னிரண்டு வயதில் குக்கர் விசில் எண்ணத் தொடங்குகிற கைகளில்தான் அது ஆரம்பிக்கிறது. பொறுப்பு சலுகையைக் கொண்டுவரும் என்றால் நம் வீடுகளில் அதிகச் சலுகை பெற்றவர்கள் மகள்களாக இருந்திருப்பார்கள்.

மஞ்சள் நீராட்டு விழாவை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஒரு பெண்ணின் வளர்ச்சியைக் குடும்பமும் ஊரும் கூடிக் கொண்டாடும் முதல் விழா அது. தாய்மாமன் சீர், பட்டுப்புடவை, நகை, மண்டபம், பெயர் போட்ட ஃப்ளெக்ஸ் என அன்று எல்லாம் அவளுக்காக. அந்த மகிழ்ச்சி பொய்யல்ல. பல பெண்கள் அதை ஆசையோடு நினைவுகூர்வதை நான் கேட்டிருக்கிறேன். அதே வாரத்தில் அவளுடைய சைக்கிள் நிறுத்தப்படுவதும், தெரு விளையாட்டு முடிவதும், அப்பாவின் நண்பர்கள் வந்தால் உள்ளே போகவேண்டியிருப்பதும் நடக்கின்றன. வளர்ந்ததற்குப் பரிசும், வளர்ந்ததற்காகவே இழப்பும் ஒரே வாரத்தில் வந்துசேரும் அனுபவம் ஆண்பிள்ளைக்கு இல்லை.

4. சைக்கிள் சொல்லும் பாடம்

நிலைமை மாறவே மாறாது என்பதல்ல என் கருத்து. எது மாற்றியது என்பதே கேள்வி. சைக்கிளின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியால் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் சேர்ந்துகொண்டது. பொது நிகழ்ச்சிகளில் 70,000க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்தார். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். ஆண்களின் கேலி இருந்தது, இருந்தும் பெண்கள் ஓட்டுவது நிற்கவில்லை. காரணம் எண்ணிக்கை. ஒரு பெண் ஓட்டினால் அவள் குணத்தைப் பேசும் ஊர், ஊரே ஓட்டும்போது பேச்சை நிறுத்திவிடுகிறது.

2000களில் தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கும், பின்னர் மாணவர்களுக்கும் விலையில்லா மிதிவண்டி கொடுத்தபோது நடந்ததும் அதுவே. பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்ட சைக்கிள் பதினோராம் வகுப்பில் அரசு முத்திரையோடு திரும்பி வந்தது. அப்பாவிடம் கேட்டு, அம்மா பரிந்து பேசிப் பெறவேண்டிய சலுகை வகுப்பிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்தது. ‘எல்லாப் பிள்ளைகளும்தானே ஓட்டுது’ என்ற வாக்கியம் வீட்டில் செல்லுபடியானது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குத் தொடங்கிய மிதிவண்டித் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள் என்றும், மாணவர்-மாணவி இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் முக்கியமாகத் தெரிந்தது.

இதை எப்படிப் பொருள்கொள்வது? தூரம் குறைந்ததால் சேர்ந்தார்கள் என்பது ஒரு விளக்கம். கூட்டமாகப் போவதால் பாதுகாப்பு கூடி, சமூகத் தடையும் தளர்ந்தது என்பது இன்னொன்று. புதுக்கோட்டையையும் சேர்த்துப் பார்க்கையில் இரண்டாவதையும் தள்ளிவிட முடியாது என்பது என் கணிப்பு. ஆனால் ஓர் எல்லையையும் சொல்லவேண்டும். அந்தச் சைக்கிள் பள்ளிக்குப் போகிறது, டியூஷனுக்குப் போகிறது. பொழுதுபோக்காகத் தோழி வீட்டுக்கு அதே சைக்கிளில் போகவேண்டுமென்றால் பழைய விசாரணை திரும்பிவிடுகிறது. காரணமுள்ள பயணத்துக்கு அனுமதி கிடைத்தது, காரணமற்ற பொழுது இன்னும் கிடைக்கவில்லை.

வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளின் நிலையும் இதை உறுதிசெய்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் விடுதிகளில் தங்கி வேலை செய்தார்கள். வீட்டைவிட்டு வெளியே போனார்கள், சம்பாதித்தார்கள். ஆனால் ஆலை வாசலைத் தாண்ட அனுமதி வேண்டியிருந்தது, முடிவில் வரும் தொகை திருமணத்துக்கென்று பேசப்பட்டது. வீட்டின் அதிகாரம் அங்கே கைமாறியது, கலையவில்லை.

5. கைப்பேசி

2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, ப்ளஸ் டூ முடியும்வரை கிடையாது என்றிருந்த பொருள் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கும் வந்தது. வெளித்தேவை வீட்டு விதியை மாற்றியதற்கு இது இன்னொரு சான்று. ஆனால் பங்கீடு? கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் நடத்தப்பட்ட 2023ஆம் ஆண்டின் ஏசர் கல்விக் கணக்கெடுப்பில் பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருந்த ஆண்பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம். ஒரே வயது, பெரும்பாலும் ஒரே பள்ளி வகுப்பு, பாதிக்கும் குறைவான பங்கு.

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் உயர்கல்வி படிக்கும் மாணவியின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் போகிறது. தன் பெயரில் பணம் வருவது பெரிய படி. ஏடிஎம் அட்டையும் ஓடிபி வரும் கைப்பேசியும் வீட்டில் யாரிடம் இருக்கின்றன என்பதையும் யாராவது ஆராயவேண்டும்.

6. சட்டத்தின் வயதும் அச்சத்தின் கணக்கும்

சட்டம் வயதைத் தெளிவாகச் சொல்கிறது. 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்ட 18 வயது ஆகவேண்டும். 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16. 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, சிறார் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இருந்தும் ஒன்பதாம் வகுப்பு மகன் அப்பாவின் பைக்கில் பால் வாங்கப் போவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். 18 நிறைந்து வாக்களித்த மகள் தோழியின் திருமணத்துக்கு வெளியூர் போகத் தடை இருப்பதையும் அதே ஊரில் பார்க்கலாம். சட்டம் மறுப்பதை ஒருவனுக்குக் கொடுத்தும், சட்டம் கொடுத்ததை இன்னொருத்திக்கு மறுத்தும் வீடு தன் தீர்ப்பை எழுதுகிறது.

பெற்றோரின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பெண்பிள்ளைகள் மீதான வன்முறை உண்மை. இரவு ஒன்பது மணிக்குக் கடைசி டவுன் பஸ் வராத நிறுத்தத்தில் மகள் நிற்கும்போது எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கும். ஆனால் அச்சம் ஆபத்தின் அளவுக்கேற்பப் பங்கிடப்படவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். இந்தியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள். மகனைக் கொல்லக்கூடிய வண்டியின் சாவியைக் கொடுக்கும்போது நடுங்காத கை, மகள் தோழியோடு சினிமாவுக்குப் போகக் கேட்டால் நடுங்குகிறது. இது பாதுகாப்பு பற்றிய கவலை மட்டுமே என்றால் சாவி முதலில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும்.

இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, பிள்ளையின் வளர்ந்துவரும் திறன்களுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டவேண்டும் என்கிறது. வயது, வகுப்பு, பால், ஊரார் பேச்சு எதுவும் அதில் அளவுகோல் அல்ல. நம் வீடுகளில் பேசி முடிவெடுக்கத் தகுந்த ஒரே அளவுகோல் அதுதான் என்று கருதுகிறேன்.

7. கேட்கப்படாத கேள்வி

இந்தப் பொருளில் நம்மிடம் உள்ள சான்றுகளில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயதுப் பெண்களிடம், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகப் போக அனுமதி உண்டா என்று கேட்கிறது. 2019-21 சுற்றில் மூன்று இடங்களுக்கும் அனுமதி உள்ளவர்கள் நாடு முழுவதும் 42 சதவீதம். இந்தக் கேள்வி ஆண்களுக்கான வினாத்தாளில் இல்லை. ஆணுக்கு அனுமதி தேவையில்லை என்பதைக் கேள்வியே முன்கூட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. 15 வயதுக்குக் கீழே யாரிடமும் அது கேட்கப்படுவதில்லை. சலுகைகள் பிரியத் தொடங்குவதோ அதற்கு முன்னால்தான்.

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகச் சமூகவியல் துறைகளும் மகளிரியல் துறைகளும் இந்த வேலையை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரே வீட்டில் வளரும் அக்காவிடமும் தம்பியிடமும், அண்ணனிடமும் தங்கையிடமும், பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை ஆண்டுதோறும் ஒரே வினாத்தாளைக் கொடுக்கலாம். தனியாக எங்கே போகலாம், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும், கைப்பேசி யாருடையது, வீட்டில் என்ன வேலை உன்னுடையது, யாரிடம் கேட்டுப் போகிறாய் என்ற ஐந்து கேள்விகள் போதும். இக்கட்டுரையின் வாதம் சரியா தவறா என்பதை அந்த விடைகள் காட்டிவிடும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத பெற்றோர் இன்றிரவே தங்கள் பிள்ளைகளிடம் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். மகனிடமும் மகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், ஒருவர் சொல்லும் விடையை மற்றவரும் கேட்கும்படி.